பகைவனின் கழுதை: வெறுப்புக்கு யூத மரபு சொல்லும் பதில்

ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு உங்களுக்கு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சுவர்த் தகராறோ, வாய்க்கால் தகராறோ, ஏதோ ஒன்று. இன்று மழைச் சேற்றில் அவருடைய வண்டி சரிந்து கிடக்கிறது. பின்னால் கட்டியிருந்த அரிசி மூட்டை வண்டியை நிமிர்த்தவிடாமல் அழுத்துகிறது. தெருவில் வேறு ஆள் இல்லை. நீங்கள் அவரைப் பார்த்துவிட்டீர்கள். நீங்கள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

வெறுப்பைப் பற்றியும் அன்பைப் பற்றியும் யூத மரபு பேசத் தொடங்குவது கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான். வண்டிக்குப் பதில் அங்கே ஒரு கழுதை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. ஒன்று: ‘யூத மதம் என்றால் கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல். அன்பெல்லாம் இயேசு வந்த பிறகு வந்தது.’ இன்னொன்று இதற்கு நேர் எதிர். காலை வணக்கத்தோடு வாட்ஸப்பில் வரும் பூப்படத்தின் மேல், யாரோ ஒரு ரபி, அதாவது யூத மத ஆசிரியர், சொன்னதாக ‘உன்னை வெறுப்பவனையும் நேசி’ என்று எழுதியிருக்கும். இரண்டுமே பாதிக் கிணறு தாண்டிய கதைதான். முதலாவது அந்த மரபில் இருப்பதை இல்லை என்கிறது. இரண்டாவது, இருப்பதைச் சர்க்கரைப் பாகில் முக்கி வேறு ஏதோவாக ஆக்கிவிடுகிறது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இது ஒரு பழைய மரபின் சிந்தனையைப் பற்றிய கட்டுரை. இன்றைய இஸ்ரேல் அரசு செய்கிற எதற்கும் இது விளக்கமும் இல்லை, வக்காலத்தும் இல்லை.

முதலில் அந்தக் கண்ணும் பல்லும்

யூதர்களின் அடிப்படை நூல் தோரா. மோசேயின் ஐந்து நூல்கள் என்று சொல்வார்கள். தமிழ் பைபிளில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை இருப்பவை இவையே. ‘கண்ணுக்குக் கண்’ என்ற வரி அதில் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் ஒரு சட்டப் புத்தகத்தின் வரியை மட்டும் வைத்துக்கொண்டு, நீதிமன்றம் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கே ஆகியிருக்கிறது.

தோராவின் வரிகளை ரபிகள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்த பதிவுக்குத் தல்மூத் என்று பெயர். அதன் உள்ளே இருக்கும் பழைய அடுக்கு மிஷ்னா, ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பு. ஒருவன் இன்னொருவனைக் காயப்படுத்தினால் ஐந்து வகையில் பணம் கட்ட வேண்டும் என்கிறது மிஷ்னா: உறுப்பை இழந்த நஷ்டம், வலி, வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலி, பட்ட அவமானம். கண்ணைப் பிடுங்குவது என்ற பேச்சே இல்லை. தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போய், ‘ஒரு குருடன் இன்னொருவன் கண்ணைக் குருடாக்கினால் அப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, நேர்ப்பொருளில் எடுப்பவர்களை மடக்குகிறது.

‘உன்னைப் போல் உன் அயலானையும் நேசி’ என்ற வரி இருப்பதும் இதே தோராவில்தான், லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில். இயேசு அதை அங்கிருந்துதான் மேற்கோள் காட்டினார். ‘பகைவனை வெறு’ என்று ஒரு கட்டளை எபிரேய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்வதில், எங்கும் இல்லை. இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் ‘சத்துருவைப் பகைப்பாயாக என்று சொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்’ என்று வருவதால், பழைய ஏற்பாட்டில் எங்கோ இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தேடிப் பாருங்கள், கிடைக்காது.

சரி, இல்லாதது போகட்டும். இருப்பது என்ன?

கழுதை

யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள். உன் பகைவனின் மாடோ கழுதையோ வழிதவறி அலைவதைக் கண்டால் அவனிடம் கொண்டுபோய் விடு. உன்னை வெறுக்கிறவனின் கழுதை சுமை தாங்காமல் விழுந்து கிடப்பதைக் கண்டால் ஒதுங்கிப் போகாதே, அவனோடு சேர்ந்து உதவு.

இங்கே ‘நேசி’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். மன்னித்துவிடு என்றும் இல்லை, சமாதானமாகப் போ என்றும் இல்லை. கழுதையைத் தூக்கு, அவ்வளவுதான். பகை பகையாகவே இருக்கட்டும், நீ கையைக் கொடு என்கிறது சட்டம். யூத மரபில் இப்படி விதிக்கப்பட்ட கடமைக்கு மித்ஸ்வா என்று பெயர். மனம் வந்தால் செய், வராவிட்டால் பரவாயில்லை என்ற புண்ணிய காரியம் இது கிடையாது. செய்தே ஆக வேண்டியது.

ரபிகள் சட்டக்காரர்கள் ஆயிற்றே, சும்மா விடுவார்களா? நுணுக்கமான கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். பாதையில் இரண்டு கழுதைகள் ஒரே நேரத்தில் சிக்கலில் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றின் மேலிருந்து சுமையை இறக்க வேண்டும், இன்னொன்றின் மேல் சுமையை ஏற்ற வேண்டும். எதற்கு முதலில் ஓடுவது? பொதுவிதி தெளிவானது: இறக்குவதற்குத்தான் முதலிடம், ஏனென்றால் சுமைக்கு அடியில் ஒரு பிராணி துடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் இறக்க வேண்டியது நண்பனின் கழுதை, ஏற்ற வேண்டியது பகைவனின் கழுதை என்றால்? அப்போது பகைவனிடம் போ என்கிறது தல்மூத். தன் ‘யேட்ஸரை’ அடக்குவதற்காக என்று காரணமும் சொல்கிறது. யேட்ஸர் என்பது மனித மனத்துக்குள் இருக்கும் ஒரு இழுப்பு. நம்மைச் சுயநலத்துக்கும் கோபத்துக்கும் தள்ளிக்கொண்டே இருப்பது. நண்பனுக்கு உதவக் கால் தானாகவே போகும், அதில் பயிற்சி ஒன்றும் இல்லை. பகைவனிடம் போக மறுக்கும் அந்தக் காலைத்தான் பழக்க வேண்டும். ஒரு வாயில்லா ஜீவனின் வேதனையைக்கூட இதற்காகக் கொஞ்சம் காக்க வைக்கிறார்கள் என்றால், வெறுப்பை எவ்வளவு பெரிய ஆபத்தாக நினைத்திருக்க வேண்டும்!

மிஷ்னா இன்னொரு விவரமும் தருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. இறக்கி ஏற்றிய பிறகு கழுதை மறுபடி விழுந்தால் மறுபடி உதவு, நான்கு ஐந்து தடவை ஆனாலும். ஆனால் கழுதைக்காரன் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, ‘கட்டளை உனக்குத்தானே, வேண்டுமானால் நீயே இறக்கிக்கொள்’ என்றால் நீ போகலாம். வசனத்தில் ‘அவனோடு சேர்ந்து’ என்று இருக்கிறதல்லவா? அவனும் கை வைக்க வேண்டும். ஆக, பகைவனுக்குக் கூலியில்லா ஆளாக இருக்கச் சொல்லவில்லை. இரண்டு பேர், ஒரு மூட்டை, ஆளுக்கு ஒரு பக்கம்.

கை முன்னே, மனசு பின்னே

மூட்டையைப் பிடிப்பதற்கும் வெறுப்பு தணிவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இதற்கு ரபிகள் ஒரு கதை சொல்கிறார்கள். மித்ராஷ், அதாவது வசனத்துக்கு விளக்கமாக ரபிகள் சொல்லும் கதைத் தொகுப்பில், ரபி அலெக்சாந்திரி சொன்னதாக வருகிறது.

இரண்டு கழுதைக்காரர்கள், ஒருவரை ஒருவர் வெறுப்பவர்கள். ஒருவனின் கழுதை படுத்துவிட்டது. மற்றவன் பார்த்தும் பார்க்காமல் கடந்து போய்விட்டான். கொஞ்ச தூரம் போனதும் தோராவின் வசனம் நினைவுக்கு வந்து உறுத்த, திரும்பி வந்து மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். இருவரும் வேலை செய்ய ஆரம்பித்தார்கள். ‘இங்கே கொஞ்சம் தளர்த்து.’ ‘இந்தப் பக்கம் தூக்கு.’ ‘இப்போது இழுத்துக் கட்டு.’ சுமை ஏறி முடிந்ததும் கழுதைக்காரன் யோசித்தான்: இவன் என்னை வெறுக்கிறான் என்றல்லவா நினைத்திருந்தேன், என்மேல் எவ்வளவு இரக்கம் காட்டியிருக்கிறான்! இரண்டு பேரும் வழியிலிருந்த சத்திரத்துக்குள் போய் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இந்தக் கதையில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பழைய தகராறில் யார் பக்கம் நியாயம் என்று பேசவில்லை. அவர்கள் பேசிய முதல் வார்த்தைகள் கயிற்றைப் பற்றியவை. நம் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது ‘அந்தச் சாம்பார் வாளியை இப்படித் தள்ளு’ என்பதில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம் என்று கூப்பிட்டால் இரண்டு பேருமே வரமாட்டார்கள்.

இதன் பின்னால் இருக்கும் கருத்தை 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதப்பட்ட ஒரு கட்டளை விளக்க நூல் ஒரே வரியில் சொல்கிறது: செயல்கள் போகும் வழியில் இதயங்கள் இழுபடுகின்றன. லித்துவேனிய மரபில் வளர்ந்து இங்கிலாந்தில் போதித்த ரபி எலியாஹு டெஸ்லர் (1892–1953) இதையே இன்னும் கூர்மையாக்கினார். நேசிப்பவருக்குக் கொடுக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் யாருக்குக் கொடுக்கிறோமோ அவரைத்தான் நேசிக்கத் தொடங்குகிறோம் என்றார். நாய்க்குட்டி வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்ட அப்பா, இரண்டு மாதம் அதற்குச் சோறு வைத்த பிறகு எப்படி ஆகிறார் என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வெறுப்புக்கும் இதே விதி பொருந்தும் என்பதுதான் விஷயத்தின் மறுபக்கம். வேதத்தின் நீதிமொழிகள் நூலில் ஒரு உவமை உண்டு: தண்ணீரில் முகத்துக்கு முகம் தெரிவது போல மனிதனின் இதயம் மனிதனுக்குத் தெரியும். நீ முறைத்தால் தண்ணீரும் முறைக்கும். இடைக்காலத்தில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தல்மூத்துக்கு உரை எழுதியவர்கள் இந்த உவமையை வைத்து ஒரு சிக்கலை அவிழ்த்தார்கள். கெட்ட காரியம் செய்பவனை வெறுக்கலாம் என்று தல்மூத்தில் ஓரிடம் சொல்கிறது. வெறுக்கலாம் என்றால் அவனுடைய கழுதைக்கு ஏன் முன்னுரிமை? உரைகாரர்கள் சொல்லும் பதில் இது: நீ நியாயமான காரணத்தோடுதான் வெறுக்க ஆரம்பிக்கிறாய். அதைப் பார்த்து அவனும் உன்னை வெறுக்கிறான். அவனுடைய வெறுப்பைப் பார்த்து உன்னுடையது ஏறுகிறது. கடைசியில் இருவரும் முழு வெறுப்பில் போய் நிற்பீர்கள், முதலில் இருந்த காரணம் எங்கோ காணாமல் போயிருக்கும். கழுதைக்காகக் குனிவது அந்தச் சுழலை யாராவது ஒருவர் நிறுத்துவதற்காக.

இதுவரை வந்ததைக் கொஞ்சம் திரட்டிக்கொள்வோம். யூத மரபில் பகைவனிடம் காட்டும் அன்பு முதலில் ஒரு செயல், உணர்ச்சி அதன் பின்னால் மெதுவாக வரும். செயல் கட்டாயம். ஆனால் அது இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது, ஒருவர் மட்டும் சுமப்பதற்கல்ல.

அரிவாளும் கோடாலியும்

‘அயலானை நேசி’ என்ற வரி தனியாக நிற்பதில்லை. அதற்கு முன்னால் நான்கு விஷயங்கள் வருகின்றன: சகோதரனை மனசுக்குள் வெறுக்காதே, அவனைக் கண்டித்துப் பேசு, பழிவாங்காதே, வன்மம் வைக்காதே. பூப்படத்தில் கடைசி வரி மட்டும்தான் வரும். படிக்கட்டுகளை எடுத்துவிட்டு மாடியை மட்டும் காட்டுவது போல.

பழிவாங்குவதற்கும் வன்மம் வைப்பதற்கும் என்ன வித்தியாசம்? தல்மூத் உதாரணத்தை விவசாயிகளின் வாசலிலிருந்து எடுக்கிறது. ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் கதிர் அரிவாளை இரவல் கேட்கிறான். ‘தரமாட்டேன்.’ மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் இவனிடம் கோடாலி கேட்டு வருகிறான். ‘நேற்று நீ தரவில்லை, இன்று நானும் தரமாட்டேன்’ என்றால் அது பழிவாங்குதல்.

அப்புறம் வன்மம். முதல் நாள் இவன் கேட்டு அவன் தரவில்லை. மறுநாள் அவன் வந்து ஒரு சட்டையை இரவல் கேட்கிறான். இவன் எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘இந்தா, நான் ஒன்றும் உன்னைப் போல் இல்லை’ என்கிறான். இதுதான் வன்மம். இதுவும் கூடாது!

நம்மில் பெரும்பாலோர் இரண்டாவதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொடுத்தேனே, அதற்கு மேல் என்ன? கையில் சட்டையைக் கொடுத்துவிட்டு அதன் பையில் ஒரு முள்ளையும் வைத்து அனுப்பியிருக்கிறாய் என்கிறார்கள் ரபிகள். சமூக ஊடகத்தில் ‘வெறுப்புக்கு அன்பால் பதில் சொன்னேன்’ என்று எழுதிக்கொள்ளும் பல பதிவுகள் எனக்கு இந்தச் சட்டையைத்தான் நினைவுபடுத்துகின்றன.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வைத்தியராக இருந்து, யூதச் சட்டம் முழுவதையும் ஒரே தொகுப்பாக எழுதிய மைமோனிடிஸ், இதே போன்ற இரவல் உதாரணத்தைச் சொல்லிவிட்டு ஒரு காரணமும் தருகிறார். நடந்ததை மனசிலிருந்து துடைத்துவிட வேண்டும். வைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் பழிவாங்கும் இடத்துக்கு வந்துவிடுவாய். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கொடுத்து வாங்கி ஊர் என்று ஒன்று நடப்பதே இப்படித் துடைப்பதால்தான் என்கிறார். பரலோகம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லவில்லை, ஊர் நடக்க வேண்டும் என்கிறார். அந்த நடைமுறைப் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

வாயைத் திற

அந்த நான்கு கட்டளைகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ‘கண்டித்துப் பேசு’ என்பது. அன்பு என்றால் பொறுத்துப்போவது, வாயை மூடிக்கொண்டு சிரிப்பது என்று நமக்குப் பழகிவிட்டது. தோராவின் வரிசை வேறு: மனசுக்குள் வெறுக்காதே என்ற தடையை அடுத்து உடனே வருவது பேசு என்ற கட்டளை. மனசுக்குள் வெறுக்காமல் இருக்க வழி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுவது.

மைமோனிடிஸ் இதற்குக் காட்டும் எதிர் உதாரணம் தாவீது ராஜாவின் மகன் அப்சலோம். அவனுடைய தங்கை தாமாருக்கு அண்ணன்முறையான அம்னோன் பெரும் கொடுமை செய்துவிடுகிறான். அப்சலோம் அம்னோனிடம் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை என்கிறது வேதம். இரண்டு முழு வருஷம் அந்த மௌனம். அதற்குப் பிறகு ஆட்டு மயிர் கத்தரிக்கும் விருந்து ஒன்றுக்கு அழைத்துக் கொலை செய்தான். அப்சலோமின் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நியாயத்தை மௌனத்தில் ஊறவைத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அவன் உதாரணம்.

ஆகவே மைமோனிடிஸின் சட்டம்: ஒருவன் உனக்குத் தீங்கு செய்தால் மௌனமாக இருந்து வெறுக்காதே. போய்க் கேள், ‘ஏன் எனக்கு இப்படிச் செய்தாய்?’ என்று. ஊர் முன்னால் அவமானப்படுத்திக் கேட்கக் கூடாது, தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும். அவன் வருந்தி மன்னிப்புக் கேட்டால் கல்நெஞ்சாக இருக்காதே, மன்னித்துவிடு. எதுவும் கேட்காமலே மனசார விட்டுவிட முடிகிறவர் இருந்தால் அது உயர்ந்த குணம், ஆனால் எல்லாருக்கும் விதி அது அல்ல.

கண்டிப்பதற்கும் வெறுப்பதற்கும் உள்ள கோட்டைக் காட்ட இன்னொரு சின்னக் கதை. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரபி மேயிரின் தெருவில் சில முரடர்கள் அவருக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இவர்கள் சாகட்டும் என்று அவர் ஜெபம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி பெரூரியா தடுத்தாள். வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் ‘பாவங்கள் ஒழியட்டும்’ என்றுதானே இருக்கிறது, ‘பாவிகள்’ என்றா இருக்கிறது? அவர்கள் திருந்தட்டும் என்று ஜெபம் பண்ணுங்கள். எபிரேயத்தில் உயிரெழுத்துக் குறியை மாற்றிப் படித்தால் இரண்டு பொருளும் வரக்கூடிய சொல் அது. கணவரின் இலக்கணத்தைத் திருத்தி அவருடைய மனசையும் திருத்திவிட்டாள். அவர் அப்படியே ஜெபித்தார், அவர்கள் திருந்தினார்கள் என்று முடிகிறது தல்மூத்.

சும்மா வெறுப்பு, சும்மா அன்பு

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமின் இரண்டாம் ஆலயத்தை எரித்து அழித்தது. யூத வரலாற்றின் மிகப் பெரிய காயங்களில் ஒன்று அது. இன்றும் யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாள் உபவாசமிருந்து தரையில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடுகிறார்கள். ரோமர்கள்தான் அழித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தல்மூத் ஆனால் வேறு கேள்வி கேட்கிறது: நம்மிடம் என்ன தப்பு இருந்தது? அந்தத் தலைமுறை தோரா படித்தது, கட்டளைகளைக் கைக்கொண்டது, தர்மமும் செய்தது. பிறகு ஏன்? ‘சினாத் ஹினாம்’ இருந்ததால் என்கிறது.

ஹினாம் என்ற எபிரேயச் சொல்லுக்குப் பல மொழிகளில் ‘காரணமற்ற’ என்று மொழிபெயர்க்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: சும்மா. விலையில்லாமல், காரணமில்லாமல், கேட்காமலே கிடைப்பது. சினாத் ஹினாம் என்றால் சும்மா வெறுப்பு.

அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு விருந்துக் கதை. எருசலேமில் ஒரு பணக்காரர். அவருக்குக் கம்ஸா என்று ஒரு நண்பர், பர் கம்ஸா என்று ஒரு பகைவர். விருந்துக்கு நண்பரை அழைத்து வரச் சொல்லி வேலையாளை அனுப்ப, அவன் பெயர்க் குழப்பத்தில் பகைவரை அழைத்து வந்துவிட்டான். வீட்டுக்காரர் பார்த்ததும் ‘எழுந்து வெளியே போ’ என்றார். வந்தவர் கெஞ்சினார்: வந்துவிட்டேன், இருக்கவிடுங்கள், நான் சாப்பிட்டதற்குப் பணம் தந்துவிடுகிறேன். முடியாது. பாதி விருந்தின் செலவைத் தருகிறேன். முடியாது. முழு விருந்தின் செலவையும் தருகிறேன். முடியாது என்று கையைப் பிடித்து வெளியே தள்ளினார். பந்தியில் ரபிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பர் கம்ஸாவுக்கு அந்த மௌனம்தான் அதிகம் வலித்தது. அவர்களுக்கும் இது சம்மதம்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, ரோமச் சக்கரவர்த்தியிடம் போய் யூதர்கள் கலகம் செய்கிறார்கள் என்று கோள் மூட்டினார். அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஆலயம் எரிவதில் முடிகிறது கதை. இது வரலாற்றுப் பதிவா என்றால், இல்லை. நடந்த பேரழிவுக்குப் பொருள் தேடிச் சொன்ன கதை. ஆனால் அந்த மூன்று ‘முடியாது’களை யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் பகைவரை வெளியே தள்ளுவதால் வீட்டுக்காரருக்கு ஒரு காசு லாபமில்லை. இருக்கவிட்டிருந்தால் விருந்துச் செலவே மிச்சமாகியிருக்கும். லாபக் கணக்கையும் தாண்டிப் போன வெறுப்பைத்தான் ‘சும்மா’ என்கிறார்கள்.

இதற்கு எதிர்ச்சொல்லாக ‘அஹவாத் ஹினாம்’, சும்மா அன்பு, என்பதை 20ஆம் நூற்றாண்டில் பரவலாக்கியவர் ரபி ஆபிரகாம் ஐசக் கூக். 1865இல் பிறந்து, 1904இல் பாலஸ்தீனத்தின் யாஃபா நகருக்கு ரபியாக வந்து, 1921இல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாஸி (ஐரோப்பிய யூத மரபினருக்கான) தலைமை ரபி ஆனவர். சும்மா வெறுப்பால் அழிந்தோம் என்றால், சும்மா அன்பால் நம்மையும் உலகத்தையும் மறுபடி கட்டுவோம் என்று எழுதினார். இது மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கிறது, ஆனால் அவர் அதை எழுதிய சூழல் அப்படிப்பட்டதல்ல. ஒரு பக்கம் மதத்தையே உதறிவிட்டு, வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளிலும் வயலில் உழுத இளைஞர்கள். இன்னொரு பக்கம், அந்த இளைஞர்களோடு பேசுகிறார் என்பதற்காகவே அவரை வசைபாடிய தீவிர மதவாதிகள். இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு, கூக் இருவரோடும் உறவை விடாமல் இருந்தார். 1935இல் இறக்கும்வரை இந்த விமர்சனம் அவரை விடவில்லை.

சுருக்கமாக: பழி வேண்டாம், கொடுத்துவிட்டுக் குத்திக்காட்டவும் வேண்டாம். உள்ளே வைத்துப் புழுங்காமல் பேசு. வெறுப்பு சும்மா வருகிறது என்றால் அன்பும் அப்படியே வரலாம்.

எல்லைகள்

இத்தோடு நிறுத்தினால் நானும் ஒரு பூப்படம்தான் போட்டிருப்பேன்.

முதலாவது, இது கொலைகாரனுக்குக் கழுத்தைக் காட்டும் தத்துவம் இல்லை. உன்னைக் கொல்ல ஒருவன் வந்தால் நீ முந்திக்கொள் என்று தல்மூத் வெளிப்படையாகச் சொல்கிறது. மறுகன்னத்தைக் காட்டுவது ஒரு சட்டமாக இங்கே இல்லை.

இரண்டாவது, அன்பும் மன்னிப்பும் ஒன்றல்ல. இதைத்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாளில் கடவுளுக்கு எதிரான பாவங்கள் தீரும். மனிதனுக்குச் செய்த தீங்கு, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை தீராது என்கிறது மிஷ்னா. தப்புச் செய்தவன் நேரில் போய், இழப்பை ஈடுகட்டி, கேட்க வேண்டும். மறுத்தால் மறுபடி போக வேண்டும், மூன்று தடவை வரை. பாதிக்கப்பட்டவனும் மனம் இரங்காமல் இருக்கக் கூடாது. ஆனால் கேட்காதவனை மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கழுதைக்கு அப்படி இல்லை. மன்னிப்புக் கேட்காத பகைவனின் கழுதையையும் தூக்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, ‘அயலான்’ யார்? இதில் மழுப்பக் கூடாது. மைமோனிடிஸ் உட்படப் பலர், அந்த வசனம் சக யூதனைக் குறிக்கிறது என்றே படித்தார்கள். அதே அதிகாரம் உங்கள் நடுவே தங்கும் அந்நியனையும் உன்னைப் போல் நேசி என்கிறது. அதையும் மதம் மாறி வந்தவர் என்று பல ரபிகள் குறுக்கினார்கள். ஆனால் மரபுக்குள்ளேயே எதிர்க்குரலும் உண்டு. ‘அயலானை நேசி’ என்பதுதான் தோராவின் மாபெரும் நெறி என்று ரபி அகிவா சொல்ல, அவர் காலத்து அறிஞர் பென் அஸாய் மறுத்தார். அதைவிடப் பெரியது ‘இது ஆதாமின் வம்ச வரலாறு’ என்று தொடங்கும் வரி என்றார். கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட ஒரே மனிதனிடமிருந்து எல்லாரும் வந்தவர்கள் என்றால், வேலி எங்கே போடுவது?

நான்காவதும் உண்டு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகையின் இரவு விருந்தில், எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை எடுத்துச் சிந்துவார்கள். எதிரியின் துயரத்தால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் குறைகிறது என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. அதே விருந்தில் சற்று நேரம் கழித்து, கதவைத் திறந்து வைத்து, ‘உம்மை அறியாத ஜாதிகள்மேல் உம் கோபத்தை ஊற்றும்’ என்றும் வாசிப்பார்கள். நூற்றாண்டுகளாக அடிபட்டவர்களின் வாயிலிருந்து வரும் வரி. இரண்டும் ஒரே மேசையில்தான் நடக்கின்றன. ஒன்றை மட்டும் காட்டுபவர் யாராக இருந்தாலும் பாதியைத்தான் காட்டுகிறார்.

லிங்கன் நகரத்துத் தொலைபேசி

கழுதைகள் இல்லாத காலத்தில் இது எப்படி நடக்கும்? நன்கு பதிவான ஒரு சம்பவம் இருக்கிறது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் என்ற நகரம். 1991 ஜூனில் மைக்கேல் வைசர் என்பவர் குடும்பத்தோடு அங்கே ஒரு புது வீட்டுக்குக் குடிவந்தார். யூத ஜெபாலயத்தில் வழிபாட்டுப் பாடல்களை நடத்துபவர் அவர். வந்த சில நாட்களிலேயே தொலைபேசியில் ஒரு குரல் சாதிப்பேரைச் சொல்லித் திட்டுவது போலத் திட்டி, இங்கே வந்ததற்கு வருத்தப்படுவாய் என்று மிரட்டியது. அப்புறம் ஒரு பொட்டலம் நிறைய வெறுப்புத் துண்டறிக்கைகள். அனுப்பியவர் லாரி ட்ராப், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் மாநிலத் தலைவர். சர்க்கரை நோயால் கண்பார்வை ஏறக்குறைய போய், சக்கர நாற்காலியில் தனியாக ஒரு சின்ன வீட்டில் இருந்தவர்.

வைசர் அவருடைய எண்ணைக் கண்டுபிடித்து, பதில் பதிவாகும் கருவியில் செய்திகள் விட ஆரம்பித்தார். அந்தச் செய்திகள் கொஞ்சலாக இல்லை. நாஜிகள் கொல்லத் தேர்ந்தெடுத்தவர்களில் உங்களைப் போன்ற மாற்றுத்திறனாளிகளும் உண்டே, அப்படியிருக்க நாஜிகளை ஏன் இவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று கேட்டார். வாரக்கணக்கில் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் ட்ராப் பொறுக்க முடியாமல் தொலைபேசியை எடுத்து என்னதான் வேண்டும் என்று கத்தினார். ட்ராப் எடுத்தால் ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள் என்று வைசரின் மனைவி முன்பே சொல்லிவைத்திருந்தார். வைசர் சொன்னார்: நீங்கள் சக்கர நாற்காலியில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், மளிகைக் கடைக்கு வண்டியில் கூட்டிப் போகட்டுமா?

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு ட்ராப், அதற்கு ஏற்பாடு இருக்கிறது, கேட்டதற்கு நன்றி, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் அழைப்பு மறுபக்கத்திலிருந்து வந்தது. இதிலிருந்து வெளியே வர வேண்டும், எப்படி என்று தெரியவில்லை என்றார் ட்ராப். வைசரும் மனைவியும் இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். ட்ராப் அழுதார், விரல்களில் இருந்த, நாஜிச் சின்னமான ஸ்வஸ்திக மோதிரங்களைக் கழற்றி அவர்களிடம் கொடுத்தார். அமைப்பிலிருந்து விலகினார். மிரட்டியவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். உடல் மோசமானபோது வைசர் தம்பதி அவரைத் தங்கள் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1992 ஜூனில் வைசரின் ஜெபாலயத்தில் யூத மதத்தில் சேர்ந்தார். அதே வருஷம் செப்டம்பரில் இறந்தார், எந்த வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு மிரட்டினாரோ அந்த வீட்டுக்காரர்களின் பராமரிப்பில்.